பட்டன், பட்டன், பட்டன்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் என் அக்காள் மகன் லோ யாட் பிளாசாவுக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான். போனில் புது மாடல் வந்திருக்கிறதாம். கேமராவை எதிரே பிடித்தால் போதும், கதவு எங்கே இருக்கிறது, ஆள் எவ்வளவு தூரத்தில் வருகிறார், தட்டில் என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுமாம். “இனி இதுதான் மாமா உங்களுக்குக் கண்” என்றான்.

“தட்டில் என்ன இருக்கிறது என்று உன் அத்தையே சொல்லிவிடுவாள். பேங்க் செயலியில் பணம் அனுப்பும் பட்டன் எது என்று அது சொல்லுமா?” என்று கேட்டேன்.

பையன் பதில் சொல்லவில்லை. சமையலறையில் என் மனைவி சிரித்தது மட்டும் கேட்டது.

அவனைக் குறை சொல்லவில்லை. ஆசையாக வாங்கித் தர வந்தவன். ஆனால் ஒரு கேள்வியை எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் போனிலேயே எல்லாம் வந்துவிட்டதே, உங்களுக்கு ரொம்ப வசதிதானே? அலுவலகத்தில், கோயிலில், கிராப் வாடகைக் காரில் என்று எங்கே கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். முழுப் பதிலைச் சொல்ல அங்கெல்லாம் நேரம் இருப்பதில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. விழித்திரை நோய், பரம்பரையாக வருவது. முதலில் இரவு போயிற்று. பிறகு ஓரங்கள் போயின. சில ஆண்டுகள் ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்பது மட்டும் தெரியும். கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநராக வேலை. குடியிருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்களும் இங்கே வரிசையாக உண்டு. அதனால் இந்த வட்டாரத்தில் வெள்ளைக் கைத்தடியோடு நடப்பவனை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. மல்லிகைக் கடை வந்துவிட்டது, மாமாக் உணவுக்கடை வந்துவிட்டது என்று மூக்கே வழி சொல்லிவிடும். நடைபாதையில் பதித்திருக்கும் மேடுபள்ளக் கற்கள் சில இடங்களில் நேராகக் கொண்டுபோய் ஒரு மோட்டார் சைக்கிளில் முட்டவைக்கும். அது வேறு கதை.

பழைய பட்டன் போனில் 5ஆம் எண்ணின் மேல் ஒரு சிறிய மேடு இருக்கும். பார்வை உள்ளவர்களில் பாதிப் பேர் அதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். அந்த ஒரு கடுகளவு மேட்டை வைத்துக்கொண்டு நான் நாளொன்றுக்கு இருநூறு அழைப்புகளை இணைத்திருக்கிறேன். கட்டைவிரல் ஐந்தில் நின்றால் மேலே இரண்டு, கீழே எட்டு, இடம் நான்கு, வலம் ஆறு. அதற்குச் சார்ஜும் வேண்டாம், இணையமும் வேண்டாம், அதைப் புதுப்பிக்கவும் வேண்டாம். என்னைக் கேட்டால் கைப்பேசி வரலாற்றிலேயே எங்களுக்காகச் செய்யப்பட்ட ஆகச் சிறந்த வேலை அந்த மேடுதான் என்பேன்.

2007இல் ஐபோன் வந்தது. முகம் பார்க்கும் கண்ணாடிபோல வழவழவென்று ஒரு பலகை. தொட்டால் எங்கும் ஒரே மாதிரி. அந்த நாளில் சங்கத்தின் பக்கம் இரண்டு பேர் கூடினால் இதே பேச்சுதான்: எல்லாப் போனும் இப்படி ஆகிவிட்டால் நாம் என்ன செய்வது? நோக்கியா போனில் திரையைப் படித்துச் சொல்லும் டாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கதை முடிந்தது என்றே நான் நினைத்தேன்.

இரண்டே ஆண்டுகளில் அந்தப் பயம் பொய்யாயிற்று. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ் வந்தபோது அதற்குள்ளேயே வாய்ஸ்ஓவர் என்ற திரைப் படிப்பான் இருந்தது. தனியாக வாங்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் அதேபோல் டாக்பேக் வந்தது. விரலைத் திரையில் ஊர்ந்துபோக விட்டால் அடியில் இருப்பதைப் போன் சொல்லும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது. இருமுறை தட்டினால் திறக்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. முதல் வாரத்தில் இரவு பதினோரு மணிக்கு என் மேலதிகாரியைத் தவறுதலாக ஐந்து முறை அழைத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர், ஐந்தாவது முறைதான் கோபப்பட்டார்.

இதில் ஒரு சின்ன வசதி இருக்கிறது. விளம்பரத்தில் வந்து நான் கேட்டதில்லை. மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை முழுதும் இருண்டுவிடும். போன் வேலை செய்துகொண்டே இருக்கும். எல்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடிதான் தெரியும். ஒருமுறை கேஎல் சென்ட்ரலில் இறங்கும்போது ஒரு சீனப் பெரியவர் என் தோளைத் தொட்டு, போன் செத்துப்போய்விட்டது, இன்னும் தடவிக்கொண்டிருக்கிறாயே என்று மலாயில் இரக்கத்தோடு சொன்னார். அப்போது நான் என் சம்பளச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். பார்வை போன பிறகு என் கடிதங்களை எல்லாம் யாராவது ஒருவர் படித்துக் காட்டித்தான் எனக்குத் தெரியும். என் சொந்த வரவுசெலவை நான் மட்டும் அறிந்துகொண்ட முதல் நாள் எப்படி இருந்தது என்று மருமகனுக்கு விளக்க முடியவில்லை. அவனுக்கு அது ஒரு செட்டிங்ஸ்.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு.

பல ஆண்டுகள் என் போன் ஆங்கிலம் மட்டும்தான் பேசியது. கணினியில் மட்டும் தமிழ் கேட்டேன். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கி, ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பரோடு சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்ற இலவசத் திரைப் படிப்பான் மென்பொருளோடு வரும் ஒரு குரல் தமிழைப் படிக்கும். தகரக் குழாய்க்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கும். இருந்தாலும் தமிழ் அல்லவா, மணிக்கணக்கில் கேட்டேன். பிறகு போனிலும் தமிழ் வந்தது. ஆண்ட்ராய்டு முந்திக்கொண்டது. ஐபோனில் 2022இல், ஐஓஎஸ் 16உடன் வாணி என்ற பெண்குரல் வந்தது. யாரோ ஓர் ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பதுபோல் இருந்தது. நான் நிதானமாகக் கேட்பவன் அல்ல. வேகத்தை ஏற்றி வைத்துக் கேட்டால், என் மனைவி காதுக்கு அது அரிசியை முறத்தில் கொட்டுகிற சத்தம்.

வேடிக்கை என்னவென்றால், தமிழுக்குத் தனி எழுத்து இருப்பதால் போனுக்குக் குழப்பமே இல்லை. தமிழ் எழுத்தைக் கண்டதும் தமிழ்க் குரலுக்கு மாறிவிடுகிறது. ஆங்கிலமும் மலாயும் ஒரே ரோமன் எழுத்து. எது எது என்று பிரிக்கத் தெரியாமல் மலாய்ச் செய்தியையும் ஆங்கிலக் குரலிலேயே படித்துவிடுகிறது. மலாயில் தண்ணீருக்கு ‘ஆயேர்’. அதே எழுத்துகளை ஆங்கிலமாகப் படித்தால் ‘ஏர்’, காற்று. எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர்த் தடை என்று நிர்வாகம் செய்தி அனுப்பும்போதெல்லாம் நாளை காலை எட்டு மணி முதல் காற்று நிறுத்தப்படும் என்று என் போன் எச்சரிக்கிறது. வாளியில் பிடித்து வைக்கிறேன்.

இதில் நம் பிள்ளைகளும் சேர்த்தி. ரோமன் எழுத்தில் தமிழை அடித்து அனுப்புகிறார்கள். ‘மாமா நாளைக்கு வருகிறேன்’ என்று மருமகன் அப்படி அடித்தால், ஏதோ போலந்து நாட்டு அமைச்சரின் பெயர்போல என் காதில் விழும். ஒருநாள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவன் செய்தியை அவன் காதிலேயே கேட்கவைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிரவே செல்லினத்தை இறக்கிக்கொண்டு தமிழில் அடிக்கத் தொடங்கிவிட்டான். அந்த விசைமுகத்தைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர்தான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான ஒருங்குறி வருவதற்கு முன், தளத்துக்கு ஓர் எழுத்துரு என்று இருந்த காலத்தில், தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் படிப்பான் ஆங்கில எழுத்துக்களை அள்ளிக் கொட்டும். எழுத்தைச் சரியாகச் சேமித்து வைத்தாலே எங்களுக்குப் பாதிக் கண் கிடைத்துவிடுகிறது. இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டியதும் இல்லை.

இப்போது அந்தப் பேங்க் கதை.

முன்பெல்லாம் பணம் அனுப்பினால் குறுஞ்செய்தியில் ஆறு இலக்க எண் வரும். போன் படிக்கும், நான் அடிப்பேன், முடிந்தது. மோசடிகள் பெருகியதால் 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணை விட்டுவிட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. நியாயமான காரியம். அதன்படி என் வங்கியும் (பெயர் வேண்டாம்) செயலிக்குள்ளேயே ஒப்புதல் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு திங்கட்கிழமை காலை எழுந்து பார்த்தால் செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு புது மாப்பிள்ளைபோல் நின்றது.

வாடகை கட்ட வேண்டும். செயலியைத் திறந்து விரலைத் தள்ளினேன். “பட்டன்” என்றது. அடுத்ததுக்குத் தள்ளினேன். “பட்டன்.” அடுத்தது. “பட்டன்.” ஆறு இடத்தில் ஆறு பட்டன். எதற்கும் பெயர் இல்லை. ஒரே மாதிரி ஆறு கதவு, எது வீடு, எது கழிப்பறை, எது கிணறு என்று எழுதியிருக்கவில்லை. குத்துமதிப்பாக ஒன்றைத் தட்டி, எப்படியோ தொகையை அடித்து, கடைசிப் படிக்கு வந்தேன். ஒப்புதல் பலகை ஒன்று மேலெழுந்து வந்திருக்கிறது. வந்ததைப் போன் எனக்குச் சொல்லவில்லை. அதற்குள் ஒரு கடிகாரம் ஓடியிருக்கிறது. நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முயல்க. மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை கணக்கு முடங்கியது.

கிளைக்குப் போனேன். குளிரூட்டியில் நாற்பது நிமிடம். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். வீட்டில் பார்வை உள்ளவர் யாராவது இருந்தால் அவரிடம் போனையும் கடவுச்சொல்லையும் கொடுத்துச் செய்யச் சொல்லலாமே ஐயா என்றாள். அவள் தலைக்கு மேலேயே ஓர் அறிவிப்புப் பலகை இருந்ததாகப் பிறகு மனைவி சொன்னாள்: கடவுச்சொல்லை யாரிடமும் பகிராதீர்.

இத்தனைக்கும் அந்தப் பட்டனுக்குப் பெயர் வைப்பது பெரிய பொறியியல் இல்லை. செயலியை எழுதுகிறவர் ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் ஒரு சொல் எழுதி வைக்க வேண்டும்: ‘அனுப்பு’, ‘திரும்பு’. அந்தச் சொல் திரையில் தெரியாது, படிப்பானுக்கு மட்டும் கேட்கும். எழுதாமல் விட்டால் படிப்பான் பாவம் என்ன செய்யும், பட்டன் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் இருக்கிறது. தகவலும் தொழில்நுட்பமும் எங்களுக்கும் எட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எட்டாமல் செய்தவருக்கு என்ன தண்டனை என்ற வரியை மட்டும் எழுதவில்லை.

எனக்கு இதில்தான் ஆத்திரம். போனைச் செய்கிறவன் கோடிக்கணக்கில் செலவழித்துக் கதவைக் கண்டுபிடிக்கும் கேமரா வைக்கிறான். செயலியைச் செய்கிறவன் ஆறு சொல் எழுத மறந்துபோகிறான். இரண்டும் என் உள்ளங்கையில் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன.

கதவு கண்டுபிடிக்கும் வசதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐபோனில் அது ஐஓஎஸ் 16இல் வந்தது. லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் வேண்டும், அது விலை கூடிய மாடல்களில்தான் இருக்கிறது. சரி, வாங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கையில் கைத்தடி. மறு கையில் போனை நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடிக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குக் கோலாலம்பூரில் மழை வரும். குடையை யார் பிடிப்பது? பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் விலையுயர்ந்த போனைக் கையில் நீட்டிக்கொண்டு போகும் பார்வையற்றவனை மோட்டாரில் வரும் வழிப்பறிக்காரன் எப்படிப் பார்ப்பான் என்பதையும் அந்தப் பொறியாளர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். கைத்தடி எனக்குக் கதவையும் காட்டும், படியையும் காட்டும், அதைப் பறிக்கவும் ஆள் வராது.

படத்தை விவரிக்கும் வசதியை அப்படித் தள்ளிவிட மாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கப் படங்கள் வரும். பூ, சூரியன், முருகன், மேலே வாசகம். என் போன் எல்லாவற்றையும் “படம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். நானும் வழக்கம்போல் “இனிய காலை வணக்கம்” என்று பதில் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். சில வருடத்துக்கு முன் அப்படி ஒரு காலை நான் வணக்கம் போட்ட படம் ஈப்போவில் இருந்த என் சித்தப்பாவின் மரண அறிவிப்பு. அழைத்துச் சொன்னது என் தங்கை. அண்ணா, அதை அழித்துவிடு என்று மட்டும்தான் சொன்னாள். அதற்குள் குழுவில் இருந்த ஐம்பது பேரும் படித்திருந்தார்கள்.

மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ செயலி 2017இல் வந்தது, கூகுளின் லுக்அவுட் 2019இல். எழுத்தைப் படிக்கும், ஓரளவு படத்தைச் சொல்லும். 2023இல் பார்வையற்றோருக்கான பி மை ஐஸ் செயலிக்குள் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த வேலை அடியோடு மாறிவிட்டது. இப்போது படத்தை அதற்குள் அனுப்பினால் பூவா, முருகனா, மாலை போட்ட புகைப்படமா என்று சொல்கிறது. போன மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. பெயர், வயது, நல்லுடல் எத்தனை மணிக்கு வீட்டில் இருந்து புறப்படும், செராஸ் மின்சுடலை என்பது வரை வரிசையாகப் படித்தது. யாரையும் கேட்காமல் நேரத்துக்குப் போய் நின்றேன். இதற்குப் புதிய வசதி என்று பெயர் வைத்தால் அதன் காலில் விழவும் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் இவற்றில் ஒன்று ஒருமுறை மருந்துப் பெட்டியின் காலாவதித் தேதியைத் தவறாகச் சொன்னது. தவறு என்று எனக்குத் தெரிந்தது மனைவி பார்த்ததால். தெரியவில்லை, மங்கலாக இருக்கிறது, இன்னொரு தரம் காட்டு என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். செய்தி வாசிப்பவர்போல் தயங்காமல் சொன்னது. அதிலிருந்து புடவை நிறத்துக்கும் பூவுக்கும் அதைக் கேட்கிறேன், மாத்திரைக்கு மனைவியைக் கேட்கிறேன். திருமணப் படம் ஒன்றில் அவளை ‘வயதான பெண்மணி’ என்று அது வருணித்ததைக் கேட்ட நாளிலிருந்து அவள் அதோடு பேசுவதில்லை.

எங்கள் தெருவில் உடம்புபிடி நிலையம் வைத்திருக்கும் மாஸ்டர் இந்தப் பஞ்சாயத்து எதிலும் இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர், இன்னும் பட்டன் போன்தான். பணம் ரொக்கம்தான். நம் நோட்டுகள் மதிப்புக்குத் தக்கபடி அளவு கூடும். ஒரு ரிங்கிட்டும் ஐந்து ரிங்கிட்டும் பிளாஸ்டிக், விரலில் வழுக்கும். மற்றவை காகிதம். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். இப்போது வருகிற இளைஞர்கள் ரொக்கமே கொண்டுவருவதில்லை, கியூஆரைக் காட்டுங்கள் மாஸ்டர் என்கிறார்கள். மேசையில் ஒட்டி வைத்திருக்கிறார். பணம் போட்டாயிற்று என்று அவர்கள் சொன்னால் சரி என்கிறார். வந்ததா இல்லையா என்று மாலையில் மகள் பார்த்துச் சொல்வாள். சிலநாள் கணக்கு இடிக்கிறது. எத்தனை என்று நான் கேட்டேன். விடுங்கள் தம்பி என்றார்.

மருமகன் அந்தப் புது மாடலை வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு, என் பழைய போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பெயர் இல்லாத பட்டன்களுக்கு நாமே பெயர் வைக்க முடியும். இரண்டு விரலால் இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் அழுத்திப் பிடித்தால் பெட்டி திறக்கும். பேங்க் செயலியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தான். ‘மீதி.’ ‘அனுப்பு.’ ‘பில் கட்டு.’ ‘திரும்பு.’ ஐந்தாவதை ‘கேமராவைத் திற, கியூஆர்’ என்று நீளமாக வைத்தான். ஆறாவதில் நின்றுவிட்டான். ஏதோ ஒரு வட்டம் மாமா, உள்ளே இரண்டு கோடு, மேலே ஒரு புள்ளி என்றான். அத்தையைக் கூப்பிட்டான். அவளும் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். இரண்டு ஜோடிக் கண்ணுக்கும் அது என்ன என்று விளங்கவில்லை. தட்டிப் பார்க்கப் பயம், கணக்கு மறுபடி முடங்கிவிட்டால்? கடைசியில் அதற்கு ‘தெரியாது’ என்று பெயர் வைத்தோம்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. போன வாரம் செயலி மறுபடியும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. காலையில் திறந்து விரலைத் தள்ளினேன். பட்டன். பட்டன். பட்டன். பட்டன். பட்டன்.

“தெரியாது” என்றது ஆறாவது.